வவ்வாலுக்கு நெகட்டிவ்னு வந்தா நிம்மதியா தூங்கலாமா?

போன இதழ்ல ஒரு கேள்விக்கு பதில் சொல்றப்ப, மனுஷங்களுக்கு புதுசா கிளம்புற தொற்று நோய்ங்கள்ல ஏறக்குறைய 75 சதவீதம் விலங்குகள்கிட்டருந்துதான் வருது, அதனால காட்டு விலங்குகளையும் டெஸ்ட் பண்ணணும்னு ரெண்டு வரி எழுதியிருந்தேன். அந்த ரெண்டு வரிக்கு வந்த கேள்விங்களே இந்த இதழ் முழுக்க போதும் போல. கோபமா வந்ததையும் சேர்த்துதான் எடுத்திருக்கேன்.

கேள்வி: டாக்டர், மனுஷனுக்கு டெஸ்ட் எடுக்கவே ஆள் பத்தல, இதுல வவ்வாலுக்கும் குரங்குக்கும் டெஸ்ட் எதுக்கு? ஆஸ்பத்திரிக்கு நோயாளி வர்றப்ப கண்டுபிடிச்சா போதாதா?

பதில்: கோபம் நியாயம்தாங்க, ஆனா 1999ல நியூயார்க்ல நடந்ததை சொல்றேன், கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க. அந்த வருஷம் கோடைல அங்க காக்காங்க நிறைய செத்து விழுந்துச்சு, யாரும் பெருசா எடுத்துக்கல. ஆகஸ்ட் மாசம் குயின்ஸ் பகுதில சிலர், அதுலயும் வயசானவங்க, மூளைக் காய்ச்சலோட ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பிச்சாங்க. டெஸ்ட் எடுத்து பாத்துட்டு இது செயின்ட் லூயிஸ் என்செஃபலைட்டிஸ்னு அறிவிச்சாங்க, அது கொசு மூலமா பரவுற, அந்த நாட்டுக்கு ஏற்கெனவே பழக்கமான வியாதி. அதே நேரத்துல பிராங்ஸ் மிருகக்காட்சி சாலைல பறவைங்க ஒண்ணொண்ணா செத்துட்டு இருந்துச்சு. அங்க நோயியல் பாத்துட்டு இருந்த கால்நடை டாக்டர் ட்ரேசி மெக்நமாரா அந்த உடம்புகளை அறுத்து பாத்தாங்க, மூளை பாதிச்சிருந்துச்சு. அவங்க யோசிச்ச விதம்தான் எனக்கு இன்னிக்கும் ஆச்சரியம். செயின்ட் லூயிஸ் வைரஸ் பறவைய இப்டி கொல்லாது, குதிரைக்கு வர்ற இன்னொரு மூளைக் காய்ச்சல் வைரஸா இருந்தா ஈமு பறவைங்கதான் முதல்ல போயிருக்கணும், ஆனா ஈமுங்க நல்லா நின்னுட்டு இருக்கு, அப்டின்னா இது ரெண்டும் இல்லாத வேற ஏதோ ஒண்ணு, ஆஸ்பத்திரில படுத்திருக்குறவங்களுக்கு வந்திருக்கறதும் இதேதான்னு அவங்களுக்கு பட்டுச்சு. மனுஷங்களோட லேப் தனி, விலங்குகளோட லேப் தனின்னு இருந்த அமைப்புல இதை சொல்லி கேக்க வைக்கவே அவங்க ரொம்ப போராட வேண்டியிருந்துச்சு. செப்டம்பர் கடைசில உறுதியாச்சு, வெஸ்ட் நைல் வைரஸ், அதுவரைக்கும் அமெரிக்க கண்டத்துலயே பாக்காத வைரஸ். அந்த வருஷம் மட்டும் 62 பேருக்கு நோய் உறுதியாச்சு, 7 பேர் இறந்தாங்க.

காக்கா செத்தப்பவே ரெண்டு காக்காவ எடுத்து லேப்ல முழுசா பாத்திருந்தா எத்தனை வாரம் மிச்சமாகியிருக்கும்னு யோசிங்க. அதுக்கப்புறம் அங்க செத்த காக்காவ எண்ணுறதும் டெஸ்ட் பண்றதும் நோய் கண்காணிப்புல ஒரு வேலையாவே ஆயிடுச்சு. நம்ம நாட்டுல கர்நாடகாவோட கியாசனூர் காட்டுல 1957ல குரங்குங்க செத்து விழுந்ததும், அதை ஒட்டியே மக்களுக்கு காய்ச்சல் வந்ததும்தான் குரங்குக் காய்ச்சல்னு நாம சொல்ற நோயை வெளிய கொண்டுவந்துச்சு. அது உண்ணி கடிச்சு பரவுது. இப்பவும் அந்த பக்கம் ஒரு குரங்கு செத்து கிடந்தா தகவல் சொல்லணும், டெஸ்ட் எடுக்கணும், அந்த இடத்துக்கு மக்கள் போகாம பாத்துக்கணும். ஆஸ்பத்திரிக்கு முதல் நோயாளி வர்றதுக்கு முன்னாடியே கையில கிடைக்கிற ஒரே தகவல் அதுதான்.

கேள்வி: சார், பறக்குற வவ்வாலை பிடிச்சு எப்படி டெஸ்ட் எடுக்குறாங்க? யானைக்கும் கொரில்லாவுக்கும் மூக்குல குச்சி விட முடியுமா?

பதில்: எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி, கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

வவ்வாலுக்கு ரொம்ப மெல்லிசான வலை இருக்கு, மிஸ்ட் நெட்னு சொல்வாங்க, இருட்டுல அதுக்கே தெரியாத அளவு மெல்லிசு. சாயங்காலம் அதுங்க இரை தேட கிளம்புற வழில கட்டிட்டு பக்கத்துலயே உக்காந்திருக்கணும், மாட்டினத ரொம்ப நேரம் தொங்க விட்டா அது பயத்துலயே செத்துடும், அதனால அடிக்கடி போய் பாக்கணும். எடுத்ததும் துணிப் பைல போட்டு எடை பாக்கறது, முன்னங்கை நீளம் அளக்குறது, என்ன இனம்னு குறிக்குறது. அப்புறம் தொண்டைல ஒரு ஸ்வாப், அதாவது பஞ்சு சுத்துன குச்சி, ஆசனவாய்ல ஒரு ஸ்வாப், இறக்கைல ஓடுற ரத்தக் குழாய்ல துளி ரத்தம். எவ்வளவு ரத்தம் எடுக்கலாம்ங்கறதுக்கும் கணக்கு இருக்கு, உடம்பு எடைல 1 சதவீதத்தை தாண்டக் கூடாதுன்னு வெச்சுக்குவாங்க, 20 கிராம் வவ்வால்னா 0.2 மில்லிதான், நாலஞ்சு சொட்டு.

பிடிக்காமலே எடுக்கவும் வழி இருக்கு. 1998லயும் 1999லயும் மலேசியாவுல பன்றிப் பண்ணைங்கள்ல நிபா வந்து 100க்கு மேல ஆளுங்க இறந்தாங்க, 10 லட்சத்துக்கு மேல பன்றிங்கள கொன்னாங்க, முதல்ல அதை ஜப்பானிய மூளைக் காய்ச்சல்னு நெனச்சு கொசு ஒழிக்கறதுல நேரம் போனதும் நடந்துச்சு. வைரஸ் எங்கிருந்து வந்துச்சுன்னு தேடினவங்க தியோமான் தீவுல பழந்தின்னி வவ்வாலுங்க தொங்குற மரத்துக்கு கீழ பிளாஸ்டிக் ஷீட்ட விரிச்சு வெச்சாங்க. மேலருந்து விழுற சிறுநீர் துளிய சேகரிச்சாங்க, வவ்வால் கடிச்சு போட்ட பழத்தையும் எடுத்தாங்க, அதுலருந்து உயிரோட நிபா வைரஸ பிரிச்சாங்க. ஒரு வவ்வாலையும் கொல்லாம கிடைச்ச பதில் அது.

கொரில்லாவுக்கு சாணம் போதும், ராத்திரி படுத்த இடத்துல காலைல போய் எடுத்துடலாம். குரங்குங்களுக்கு கயித்துல இனிப்பா ஏதாவது தடவி போட்டா வாய்ல போட்டு மென்னுட்டு தூக்கிப் போடும், அந்த கயித்துலருந்து எச்சிலை பிழிஞ்சு எடுத்துக்கலாம். யானைய தேவை இருந்தா மட்டும் மயக்க ஊசி போட்டு பாப்பாங்க, பெரிய வேலை, அதுக்கும் அபாயம், நமக்கும் அபாயம்.

ஆனா சாம்பிள் எடுக்கறது பாதி வேலைதான். வைரஸ்கள்ல பல வகைக்கு ஆர்என்ஏதான் மரபுப் பொருள், அது வெயில்ல சீக்கிரமே சிதைஞ்சுடும். அதனால காட்டுல இருந்தே திரவ நைட்ரஜன்ல, அதாவது மைனஸ் 196 டிகிரில, வெச்சு லேப் வரைக்கும் கொண்டு வரணும், இல்லன்னா வைரஸ செயலிழக்க வெச்சு ஆர்என்ஏவ மட்டும் காப்பாத்துற கரைசல்ல போட்டு கொண்டு வரணும். நைட்ரஜன் வழில தீர்ந்து போச்சுன்னா பத்து ராத்திரி உழைப்பும் வீண்தான், அப்படி வீணா போன டப்பாக்களை நானே கையில பிடிச்சுட்டு நின்னிருக்கேன், அந்த வருத்தம் இன்னும் போகல. அதனாலதான் மெஷின் வாங்க பணம் கொடுக்குறவங்ககிட்ட எல்லாம் குளிர்ச்சியா கொண்டுவர ஏற்பாடு இருக்கான்னு முதல்ல கேக்குறேன்.

கேள்வி: டெஸ்ட்ல நெகட்டிவ்னு வந்துட்டா அந்த விலங்கால ஆபத்து இல்லன்னு எடுத்துக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. தலைப்புல இதையே வெச்சதுக்கு காரணம், எனக்கு வந்ததுலயே முக்கியமான கேள்வி இதுதான்.

ஒரு கூட்டத்துல 100க்கு 5 வவ்வாலுக்கு தொற்று இருக்குன்னு வெச்சுக்குவோம். அதுல ஒண்ணாவது நம்ம கையில சிக்கணும்னு 95 சதவீதம் உறுதி வேணும்னா குறைஞ்சது 59 வவ்வால டெஸ்ட் பண்ணணும். 100க்கு 1தான் இருக்குன்னா 299. இதுவே டெஸ்ட் தப்பே பண்ணாதுங்கற நெனப்புல போட்ட கணக்கு. பத்து வவ்வால பிடிச்சு எல்லாம் நெகட்டிவ்னு சொன்னா அது பத்து வவ்வால பத்தின செய்தி மட்டும்தான், காட்ட பத்தின செய்தி இல்ல. அதுவும் போக வவ்வாலுங்க எல்லா நாளும் வைரஸ வெளியேத்தாது, சில மாசம் அதிகமா இருக்கும், சில மாசம் சுத்தமா இருக்காது. குட்டி போடுற காலம், இரை கிடைக்காத காலம், இதெல்லாம் அதுல சேரும். ஜூன்ல போய் இல்லன்னு எழுதிட்டு வந்த இடத்துல டிசம்பர்ல இருக்கலாம்.

இன்னொண்ணு, சரியான விலங்க டெஸ்ட் பண்ணோமான்னு பாக்கணும். 2018 மே மாசம் கேரளாவுல கோழிக்கோடு பக்கம் நிபா வந்தப்ப, முதல்ல பாதிக்கப்பட்ட குடும்பத்தோட கிணத்துல இருந்த வவ்வாலுங்க மேலதான் எல்லாருக்கும் சந்தேகம். டெஸ்ட் எடுத்தாங்க, நெகட்டிவ். வவ்வால் காரணம் இல்லன்னு அன்னிக்கு செய்தி பரவுனது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு. ஆனா கிணத்துல இருந்தது பூச்சி தின்னுற வவ்வால், நிபாவ சுமக்குறதா நமக்கு தெரிஞ்சது பழம் தின்னுற பெரிய வவ்வால். அப்புறம் அந்த பகுதில பழந்தின்னி வவ்வாலுங்கள பிடிச்சு புனே தேசிய வைராலஜி நிறுவனத்துல பாத்தப்ப நிபா இருந்துச்சு. டெஸ்ட் ரெண்டு தடவையும் சரியாதான் சொல்லியிருக்கு, முதல் தடவ கேள்விதான் வேற ஆள்கிட்ட போயிடுச்சு. எபோலாவையே எடுத்துக்கங்க, 1976ல வெளிய வந்த நோய், 2005ல மூணு வகை பழந்தின்னி வவ்வால்ல அதோட தடயம் கிடைச்சதா சொன்னாங்க, ஆனா எத்தனையோ விலங்குங்கள பிடிச்சு பாத்தும் ஒரு வவ்வால்லருந்தும் அந்த வைரஸ உயிரோட பிரிக்க முடியல. இதுக்காக யாரும் வவ்வால்ல எபோலா இல்லன்னு சொல்லிடல.

கேள்வி: பிசிஆர், ஆன்டிபாடி ரெண்டும் ஒண்ணுதானே?

பதில்: இல்லம்மா. பிசிஆர் பாசிட்டிவ்னா வைரஸோட துண்டு இப்ப அந்த உடம்புல இருக்கு. பிசிஆர் மெஷின் ஒவ்வொரு சுற்றுலயும் மரபுப் பொருள ரெண்டு மடங்காக்கும், 30 சுற்றுல ஒண்ணு 100 கோடிக்கு மேல ஆயிடும், அதனாலதான் துளியூண்டு இருந்தாலும் மாட்டிக்குது. ஆன்டிபாடிங்கறது கிருமிய எதிர்க்க உடம்பு உண்டாக்குற பொருள், அது பாசிட்டிவ்னா எப்பவோ அந்த விலங்கு அந்த வைரஸயோ அதோட சொந்தக்கார வைரஸயோ பாத்திருக்கு, இன்னிக்கு அதுகிட்ட நோய் இருக்குன்னு அர்த்தம் இல்ல. சொந்தக்கார வைரஸ்னு சொன்னத கவனிங்க, ஆன்டிபாடி டெஸ்ட் சில நேரம் ஆள் மாத்தி சொல்லும். 2021 தொடக்கத்துல அமெரிக்காவுல 4 மாகாணங்கள்ல காட்டு மானுங்களோட ரத்தத்த பாத்தப்ப 40 சதவீதத்துல கொரோனா ஆன்டிபாடி இருந்துச்சு. மான்கிட்டருந்து நமக்கு வந்துச்சுன்னு யாரும் பதற வேணாம், அது நம்மகிட்டருந்து அதுக்கு போனது. இந்த பக்கத்தயும் பாக்கணும், நம்ம சளி காய்ச்சல் கொரில்லா கூட்டத்தையே சாய்ச்சிடும், அதனாலதான் கொரில்லாவ பாக்க போறவங்கள பல மீட்டர் தள்ளியே நிறுத்துறாங்க.

கேள்வி: வைரஸ் இருக்குன்னு உறுதியான பிறகும் அந்த வவ்வாலுங்கள ஏன் விட்டு வெக்கிறீங்க? மனுஷ உயிர விட வவ்வால் பெருசா?

பதில்: மனுஷ உயிர் பெருசுங்கறதாலதான் கொல்லக் கூடாதுன்னு சொல்றேன், இதுல நான் கொஞ்சம் கூட இறங்கி வரமாட்டேன். உகாண்டாவுல கிட்டாகா சுரங்கம்னு ஒண்ணு, அங்க 2007ல சுரங்கத் தொழிலாளிங்களுக்கு எபோலாவோட சொந்தக்கார வைரஸான மார்பர்க் வைரஸ் வந்துச்சு. உள்ள இருந்த எகிப்திய பழந்தின்னி வவ்வாலுங்கள டெஸ்ட் பண்ணப்ப 5 சதவீதத்துக்கு தொற்று இருந்துச்சு, உயிருள்ள வைரஸயும் அதுங்க உடம்புலருந்து பிரிச்சாங்க, அறிவியலுக்கு அது பெரிய வெற்றி. ஆனா விஷயம் தெரிஞ்சதும் சுரங்கத்துல இருந்த அத்தனை வவ்வாலயும் அழிச்சுட்டாங்க. கொஞ்ச வருஷத்துல வெளிலருந்து புது வவ்வாலுங்க வந்து குடியேறுச்சு. 2012ல அந்த சுத்து வட்டாரத்துலயே மறுபடி மார்பர்க் வந்துச்சு, திரும்ப போய் டெஸ்ட் எடுத்து பாத்தா இப்ப 13 சதவீதத்துக்கு தொற்று. பழைய கூட்டத்துல பல வவ்வாலுக்கு எதிர்ப்பு சக்தி வந்திருந்துச்சு, அதுங்கள அழிச்சு, நோயை பாக்காத புதுசுங்களுக்கு இடம் விட்டு கொடுத்த மாதிரி ஆச்சு.

பிரேசில்ல 2017 வாக்குல மஞ்சள் காய்ச்சல் பரவுனப்ப பயத்துல மக்கள் குரங்குங்கள அடிச்சு கொன்னாங்க. குரங்கு பரப்பல, கொசுதான் பரப்புது, குரங்கு நம்மள விட முன்னாடி செத்து நமக்கு தகவல் சொல்லுது. தகவல் சொல்ற ஆளையே கொன்னா அடுத்த தடவ யார் சொல்வா? பங்களாதேஷ்ல என்ன பண்ணாங்க தெரியுமா, ஈச்ச மரத்துச் சாறு வடியுற பானைக்கு ராத்திரில வவ்வால் வந்து நக்குறத கேமரா வெச்சு பாத்துட்டு, மரத்துல மூங்கில் தட்டி கட்டி வவ்வால் வாய் படாம மறைக்க சொல்லிக் கொடுத்தாங்க. வவ்வாலும் பொழச்சுக்கும், மனுஷனும் பொழச்சுப்பான். டெஸ்ட்டோட பயன் இந்த மாதிரி முடிவெடுக்கத்தான்.

கேள்வி: சாம்பிள் எடுக்க போறேன்னு நீங்களே காட்டுலருந்து வைரஸ ஊருக்குள்ள கொண்டு வந்துட மாட்டீங்களா?

பதில்: அந்த ஆபத்து இல்லவே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். 1967ல ஜெர்மனிலயும் யுகோஸ்லாவியாவுலயும் லேப்ல வேலை செஞ்சவங்களுக்கு உகாண்டாலருந்து வந்த குரங்குங்க மூலமாதான் மார்பர்க் முதல்முதல்ல வந்துச்சு, 31 பேருக்கு நோய், 7 பேர் இறந்தாங்க. அந்த பாடத்தோடதான் இன்னிக்கு வேலை நடக்குது, நடக்கணும். ரெண்டு கையுறை, என்95 மாஸ்க், கண் கவசம், வவ்வால தொடுறவங்களுக்கு முன்னாடியே ரேபிஸ் தடுப்பூசி, வைரஸ் செயலிழக்குற கரைசல்ல சாம்பிள், நிபா மாதிரி உயிருள்ள வைரஸ வளக்கணும்னா உச்சகட்ட பாதுகாப்பு உள்ள லேப்ல மட்டும். தேவையில்லாம உயிருள்ள வைரஸ வளக்க வேணாம்ங்கறது என் கட்சி, பல கேள்விக்கு பதில் அது இல்லாமலே கிடைக்குது. கையுறை இல்லாம வவ்வால கையில பிடிச்சு போட்டோ போடுற ஆராய்ச்சியாளர பாத்தா எனக்கு பத்திக்கிட்டு வரும்.

கேள்வி: எல்லா விலங்கையும் டெஸ்ட் பண்ணிட்டா அடுத்த பெருந்தொற்ற முன்கூட்டியே சொல்லிடலாமே?

பதில்: ஆசையா இருக்கு, ஆனா முடியாது. அமெரிக்க அரசு 2009ல பிரடிக்ட்னு ஒரு திட்டத்த ஆரம்பிச்சுச்சு, ஏறக்குறைய 10 வருஷம், பல நாடு, லட்சத்துக்கும் மேல சாம்பிள், நூத்துக்கணக்குல புது வைரஸ். 2018ல சியரா லியோன்ல வவ்வால்கிட்ட பொம்பாலின்னு ஒரு புது வகை எபோலா வைரஸையே கண்டுபிடிச்சாங்க, அது மனுஷனுக்கு நோய் கொடுக்குமான்னு அந்த கண்டுபிடிப்ப மட்டும் வெச்சு சொல்ல முடியல. எந்த வைரஸ் எப்ப தாண்டும்ங்கறது வேற கணக்கு. என் கருத்து, பட்டியல் போடுறத விட விலங்கும் மனுஷனும் உரசுற இடத்துல, சந்தை, பண்ணை, சுரங்கம், காட்டு ஓரம், அங்க விடாம பாக்குறதுக்கு பணம் போடணும். காபோன்லயும் காங்கோவுலயும் 2001லருந்து 2003 வரைக்கும் காட்டுல செத்து கிடந்த கொரில்லா, சிம்பன்சிங்கள தேடி டெஸ்ட் பண்ண ஒரு குழு, எபோலா வரப்போகுதுன்னு ரெண்டு தடவ முன்கூட்டியே எச்சரிச்சாங்க, ரெண்டு தடவையும் வந்துச்சு. கணிப்பு வேலை செஞ்சுச்சு, எச்சரிக்கைய கேட்டு ஓட ஆள் இருக்கறதும் அதே அளவு முக்கியம்.

கேள்வி: செத்து கிடக்குற பறவையவோ விலங்கையோ நாமளே எடுத்து லேபுக்கு அனுப்பலாமா?

பதில்: வேணாங்க. தொடாதீங்க, குழந்தைங்களையும் நாயையும் கிட்ட விடாதீங்க, தூரத்துலருந்து போட்டோ எடுத்து இடத்த குறிச்சு வனத்துறைக்கோ கால்நடைத் துறைக்கோ சொல்லுங்க. மூக்கு வாய்ல ரத்தம் வடிஞ்சு திடீர்னு செத்த விலங்க அறுக்கவே அறுக்காதீங்க, அது ஆந்த்ராக்ஸா இருந்தா உடம்ப திறந்ததும் கிருமி காத்துப்பட்டு வித்தா மாறி மண்ணுல பல வருஷம் கிடக்கும், டாக்டருங்களே காதுலருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துதான் பாப்பாங்க. கடிச்சிடுச்சுன்னா சோப்பு போட்டு ஓடுற தண்ணில 15 நிமிஷம் கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு போங்க, விலங்கோட டெஸ்ட் ரிசல்ட் வரட்டும்னு உக்காந்திருக்காதீங்க. ரேபிஸ உறுதியா சொல்ல விலங்கோட மூளைய பாக்கணும், அது வர்ற வரைக்கும் உங்களுக்கு நேரம் கிடையாது.

கேள்வி: நான் எட்டாவது படிக்கிறேன். டெஸ்ட் எடுக்குறப்ப வவ்வாலுக்கு வலிக்காதா?

பதில்: ஊசி குத்துறப்ப கொஞ்சம் வலிக்கும் கண்ணு, பொய் சொல்ல மாட்டேன். அதனாலதான் கை நடுங்காதவங்கள மட்டும் ரத்தம் எடுக்க விடுவாங்க, குத்துன இடத்த பஞ்சால அழுத்தி ரத்தம் நின்னுடுச்சான்னு பாப்பாங்க, குட்டிய வயித்துல கட்டிக்கிட்டு இருக்குற தாய் வவ்வால் மாட்டுனா ரொம்ப நேரம் வெச்சிருக்காம சீக்கிரம் விட்டுடுவாங்க. முடிஞ்சதும் வாய்ல கொஞ்சம் சர்க்கரைத் தண்ணி வெப்போம், நாக்க நீட்டி நக்கும். அப்புறம் கையை உசத்தி பிடிச்சா கொஞ்ச நேரம் தொங்கிட்டே நம்மள பாக்கும், ரெண்டு தடவ இறக்கைய உதறும், அடுத்த நொடி இருட்டுல காணாம போயிடும்.